யன்னலில் நனைந்த சாக்கு

ஈரல் மாற்றிய பிறகு நான் முதலில் கற்றுக்கொண்டது இருமுவதை.

வயிற்றில் வலப்பக்கத்து விலா எலும்புகளுக்குக் கீழே முழுவதும் தையல். இருமினால் அது பிரிந்துவிடும் என்று எவருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால் மூச்சை மேலாகவே எடுத்து மேலாகவே விட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தேன். காலையில் வந்த மலையாளத் தாதி அதைப் பார்த்துவிட்டாள். ஒரு தலையணையை என் நெஞ்சில் வைத்து, என் இரண்டு கைகளையும் அதன்மேல் கட்டவைத்தாள்.

"கட்டிப் பிடிச்சு இருமணும். வலிக்கும். வலிச்சாலும் இருமணும். நீங்க இருமலைன்னா நுரையீரல் அடியில சுருங்கிப் போகும். அப்புறம் சளி கட்டும், ஜுரம் வரும்."

தொண்ணூறுகளின் கடைசி அது. இந்தியாவில் ஒரு பெரிய நகரத்து மருத்துவமனை. கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கல்முனைப் பகுதியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். எப்போதோ உடம்பில் புகுந்த காமாலைக் கிருமி என் ஈரலைக் கல்லாக்கிவிட்டிருந்தது. சாய்ந்தமருதில் இருக்கும் என் ராத்தா, எனக்கு மூத்த ஒரே சகோதரி, தன் ஈரலில் வலப்பக்கத்தை வெட்டித் தந்தார். ஒருவரிடம் மிஞ்சியதும் மற்றவருக்குப் பொருத்தியதும் இரண்டுமே வளரும் என்றார்கள். நுரையீரல் அப்படி வளராது என்பதைத் தாதிதான் சொன்னாள். ஈரலுக்கு மேலே ஒரு மெல்லிய தசைத் திரை, அதற்கு மேலே வலது நுரையீரல். கீழே வெட்டித் தைத்தால் மேலே உள்ளது பயந்து சுருங்குகிறது. மூச்சை இழுத்து மூன்று சின்னப் பந்துகளை உயர்த்தும் ஒரு பிளாஸ்டிக் சாமானைத் தந்தாள். முதல் பந்தைத் தூக்கவே எனக்குக் கண்ணீர் வந்தது.

அடுத்த அறையில் ராத்தா இருமுவது கேட்டது. சிறுவயதில் ஒரே பாயில் படுத்தவர்கள் நாங்கள். அந்த இருமல் எனக்குத் தெரியும். அவர் இருமி முடித்த பிறகு நான் இருமுவேன். சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் அப்படியே காலை போகும். அவரைத் தள்ளுவண்டியில் முதன்முதலாக என் கட்டிலடிக்குக் கொண்டு வந்தபோது சொன்னார்:

"என்ட ஈரல எடுத்தது காணாதெண்டு இருமலையும் கேக்கிறாளே இவள். நம்மட ஊருல இருமுற ஆளுக்குத்தான் மருந்து குடுப்பாங்க. இஞ்ச இருமாத ஆளுக்கு ஏச்சு."

எவ்வளவு இருமியும் என் வலது நெஞ்சுக்குள் தண்ணீர் சேர்ந்தது. விலா எலும்புகளுக்கிடையே குழாய் விட்டு அதை எடுத்தார்கள். சாயம் குறைந்த தேத்தண்ணியின் நிறம். குழாயோடும் போத்தலோடும் நடக்கவிட்டார்கள். படுக்கையில் சாய்ந்தே இருக்கவிடாமல் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குடிக்கிற தண்ணீரையும் அளந்தார்கள். நெஞ்சு மெல்ல மெல்லத் தெளிந்தது.

புறப்படும்போது பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்துக் கதைத்தார். ஈரல் ஒட்டிக்கொண்டது, இனி ஆபத்து வந்தால் பெரும்பாலும் மூச்சின் வழியாகத்தான் வரும் என்றார். ராத்தாவின் ஈரலை என் உடம்பு வெளியாள் என்று கண்டு அடித்துவிரட்டாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. அந்த மாத்திரை உடம்பின் காவலாளிகள் எல்லாரையும் தூங்கவைக்கிறது. மற்றவர்களுக்குச் சளித் தடிமன் என்பது எனக்கு நிமோனியா. அவர் இன்னும் பல விடயங்களைச் சொன்னார். எங்கள் மனதில் தங்கியவை இரண்டு: ஆட்கள், தூசு.

இரண்டும் நிறைந்த வீடு எங்களுடையது. எங்கள் பக்கத்தில் ஆம்பிளை கல்யாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போவான். என் மனைவியின் வீடு மருதமுனையில். பின்வளவில் கொட்டிலும் அதற்குள் தறிகளும். மனைவியின் தம்பி, என் மச்சான், நெய்கிறார். சமைக்கிற குசினிக் கூரையிலுள்ள சிலந்தி வலைகூட அங்கே பஞ்சு ஒட்டி வெள்ளையாகத்தான் தொங்கும். ஆட்களைச் சொல்லவே வேண்டாம். நோயாளியை விசாரிக்கப் போவது எங்களுக்குக் கடமை. யாரும் அனுமதி கேட்டு வருவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கட்டிலடிக்கு வந்து, கையைப் பிடித்து, நெற்றியில் கைவைத்து, முகத்துக்கு நேரே குனிந்து துஆ ஓதிவிட்டுத்தான் போவார்கள். அவர்களை வாசலில் மறித்தால் அது ஊருக்குச் செய்யும் அவமரியாதை.

மனைவியின் தாய், மாமிதான் வழி சொன்னார். மாமி என்னோடு நேரே கதைப்பது குறைவு. சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று, தன் மகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"புள்ளைட வீடு சும்மாதானே கிடக்கு. மருமகன அங்க வச்சா ஆருட மூச்சும் படாது. நோய் விசாரிக்க வாறவங்கள நான் பாத்துக்குறன்."

பிள்ளை என்றது என் மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை நடக்கத் தொடங்கும்போதே அவள் கல்யாணத்துக்கான வீட்டுக்கு அத்திவாரம் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்களும் போட்டோம். இரண்டு வளவு தள்ளி, கடல் பக்கமாக. சுவர் எழும்பி ஓடும் போட்ட பிறகு நான் நோயில் விழுந்தேன். வேலை நின்றது. பூசாத செங்கல், மணல் தரை. யன்னல் நிலைகள் இருந்தன, கதவுகள் இல்லை. ஓர் அறையில் மட்டும் அவசரமாகச் சிமெந்து போட்டுக் கட்டிலை இறக்கினார்கள். பக்கத்து அறையில் மிஞ்சிய பலகைகளும் சுண்ணாம்பும் கிடந்தன.

கச்சான் காற்று தொடங்கியிருந்தது. மேற்கே வயல்வெளியிலிருந்து சுடச்சுட வரும், மண்ணை அள்ளிக்கொண்டு. கதவில்லாத யன்னலுக்கு என்ன செய்வது என்று யோசித்தோம். மச்சானுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கச்சான் அடிக்கிற காலத்தில் தறிக்கொட்டிலில் நூல் காய்ந்து பட்டுப்பட்டென்று அறும். அதனால் கோணிச் சாக்கை நனைத்து யன்னலில் தொங்கவிடுவார்கள். நூல் பதமாக இருக்கும், பறக்கிற பஞ்சும் அடங்கும். மருதமுனையில் நெய்கிற வீடுகளில் யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, பார்த்தே பழகுவது.

"நனஞ்ச சாக்குல தூசெல்லாம் ஒட்டிக்கும் மச்சான். உள்ளுக்கு ஒரு பொட்டு வராது" என்றார். "நூலுக்கே அப்பிடிப் பாக்குறம். உங்கட மூச்சுக்குப் பாக்க மாட்டமா?"

சாக்குகளை மடித்து ஆணி அடித்துத் தொங்கவிட்டார். காலையும் பின்னேர அசறுத் தொழுகைக்குப் பிறகும் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வெளியில் நின்றபடியே ஊற்றுவார். அறை குளிர்ந்து, மங்கலாக, மழைக்காலத்துப் பள்ளிக்கூடம்போல இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. கொழும்பில்கூட இப்படிக் குளிரறை கிடைக்காது என்று சொன்னேன். அவர் வெளியே நின்று சிரிப்பது கேட்டது.

அந்த அறையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அதிகமும் சுவரைத்தான். செங்கற்களுக்கிடையில் சாந்து பிதுங்கி உறைந்திருந்தது. மனைவி முகத்தில் துணி கட்டிக்கொண்டு சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். நான் எடுத்த பிறகு, "உப்புக் கிடக்கா?" என்பாள். "ஓம்" என்பேன். பிறகு போய்விடுவாள். ஒருநாள் பிந்தி வரும் பத்திரிகையைக் கிருமி சாகட்டும் என்று கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்துத்தான் தருவாள். மொடமொடவென்று இருக்கும். என் ஊர்ச் செய்தியை யாரோ வேறொருவர் எழுதியிருப்பார். அதை வாசித்துவிட்டு அவருக்கு எது தெரியாமல் போயிற்று என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். சொல்ல ஆளில்லை.

விசாரிக்க வருகிறவர்கள் வேலியில் நின்று குரல் கொடுப்பார்கள்.

"எப்பிடி இரிக்கீங்க?"

"அல்ஹம்துலில்லாஹ்."

அதோடு முடிந்தது. பிறகு மாமி வீட்டுக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, என் சுகத்தையெல்லாம் மாமியிடம் கேட்டு, அங்கேயே துஆ ஓதிவிட்டுப் போவார்கள். காற்று இந்தப்பக்கம் திரும்பினால் அங்கே பேசிச் சிரிப்பது கேட்கும். என் நோய் அங்கே இருந்தது. நான் இங்கே இருந்தேன்.

மீன் ஏலம் கூறும் கிழவர் ஒருவர் மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகமாட்டார். கடற்கரை முழுக்கக் கேட்கும் குரல்.

"ராத்தாட ஈரல வச்சிட்டு இப்ப ஆம்பிளயா பொம்புளயா? பள்ளிவாசல் லெவ்வைட்டக் கேட்டுச் செல்லட்டா?"

"கேளுங்க. பொம்புள எண்டா இந்த வீட்ட எனக்கே சீதனமா எழுதச் செல்லுங்க" என்று நானும் கத்துவேன். பூசாத சுவரில் என் சிரிப்பு திரும்பி வந்து எனக்கே கேட்கும்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலியில் நிற்பாள். இருமுவது வாப்பாவின் வேலை என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். "வாப்பா, இண்டைக்கு இருமினீங்களா?" என்று கேட்பாள். இருமிக் காட்டுவேன். திருப்தியோடு போவாள்.

பிறகு ஒருநாள் அவள் கேட்காமலே இருமினேன். வறட்டு இருமல். தலையணையைக் கட்டிக்கொண்டு இருமினால் சளி வரவேண்டும் அல்லவா, ஒன்றும் வரவில்லை. அந்தி சாயும்போது உடம்பு லேசாகச் சுட்டது. ஆழமாக மூச்செடுத்தால் வலது நெஞ்சில் ஊசி ஏறியது. இருமித் துடைத்த கைலேஞ்சியில் ஒருநாள் காலை மெல்லிய இரத்தக் கோடு. நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு தையல் நூல் அளவுதான் இருந்தது.

மாமி வீட்டில் விசாரணை நடந்தது. யார் கிட்டப் போனது? யாருடைய மூச்சு பட்டது? அதற்கு முந்திய வாரம் ராத்தா சாய்ந்தமருதிலிருந்து வந்திருந்தார். வேலியில் நிற்கச் சொன்னால் அவர் நிற்பாரா? வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கதைத்துவிட்டுப் போனார். வேறு யாரும் அந்தப் படியில் உட்காரவில்லை.

"பஸ்ஸில நாலு பேரோட இடிபட்டு வந்த ஆள்" என்றார் மாமி, மகளுக்குச் சொல்வதுபோல.

அந்தச் சொல் எப்படியோ கல்முனையைத் தாண்டிச் சாய்ந்தமருதுக்குப் போய்ச் சேர்ந்தது. ராத்தா அதன் பிறகு வரவில்லை. என் காவல் இன்னும் இறுகியது. மனைவி சோற்றை வைத்துவிட்டு இன்னும் தள்ளி நின்றாள். மச்சான் யன்னலுக்கு இன்னொரு அடுக்குச் சாக்குப் போட்டார். மத்தியானத்திலும் ஒரு வாளி ஊற்றினார். இருமல் கூடியது.

கொழும்புக்கு ஒரு வாடகை வான் பிடித்துப் போனோம், மனைவியும் மச்சானும் நானும். காவலரண் ஒன்றில் ஆமிக்காரன் என் முகத்துணியைக் கழற்றச் சொன்னான். மச்சான் தனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லை, "லெட, லெட" என்று சொல்லிக்கொண்டு நடுவில் கையை நீட்டினார். நோய் என்றதும் அவன் பின்னால் போனான். எல்லாரும் பின்னால் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நெஞ்சைப் படம் பிடித்தார்கள். வலது நுரையீரலில் இரண்டு இடத்தில் வெள்ளையாக, சுண்ணாம்பில் தோய்த்த கட்டைவிரலை அழுத்தியதுபோல. டாக்டர் சிங்களவர். என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார். யாரோடு பழகினீர்கள் என்று கேட்டார். யாரோடும் இல்லை என்றேன். அதை நான் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். எங்கே படுக்கிறீர்கள், அந்த அறை எப்படி என்று கேட்டார். கட்டி முடியாத வீடு என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். தூசு வராமல் என்ன செய்தீர்கள்?

அதை மச்சானிடம் தமிழில் கேட்டேன். அவர் எழும்பி நின்று இரண்டு கையாலும் யன்னலைக் காட்டி, சாக்கை மடித்துக் காட்டி, வாளியைச் சரித்துக் காட்டி விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

இது ஆளிடமிருந்து ஆளுக்கு வருவதில்லை என்றார். பூஞ்சை. நனைந்த சாக்கில், ஈரப் பலகையில், கட்டட வேலைத் தூசில் வளர்வது. அதன் தூளை நாம் எல்லாரும் தினமும் சுவாசிக்கிறோம், ஒன்றும் செய்யாது. காவல் தூங்குகிற உடம்பில் மட்டும் அது நுரையீரலுக்குள் வேர்விடும். இவரை வெயில் படுகிற, காய்ந்த, பூசிய அறையில் வைத்திருக்கவேண்டும். கொஞ்சம் ஆட்கள் வந்திருந்தால்கூட இவ்வளவு மோசமில்லை.

அவர் நிறுத்தினார். மச்சான் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீண்ட செய்தியைச் சுருக்கி எழுதிப் பழகியவன் நான். "ராத்தாட மூச்சால வந்ததில்லையாம்" என்றேன். "அறையில ஈரம் கூடிப்போச்சாம்."

அவர் கைகள் இன்னும் யன்னலின் அளவில் விரிந்திருந்தன. மெல்ல இறக்கினார்.

பூஞ்சையைக் கொல்லும் மருந்து இரத்த நாளத்தில் ஏறும்போது கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்கினேன். அது போதாது, காவலாளிகளையும் கொஞ்சம் எழுப்பவேண்டும் என்றார் டாக்டர். ஈரலைக் காக்கிற மாத்திரையைக் குறைக்கவேண்டும். குறைத்தால் உடம்பு ஈரலைத் தள்ளிவிடலாம். குறைக்காவிட்டால் நுரையீரல் போகும். முடிவு அவருடையது, ஆனால் கையெழுத்து வைக்கிறவன் நான். ராத்தாவிடம் கேட்காமல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தகவல் அனுப்பினேன். வந்தார்.

கதவடியில் நின்றார். "உள்ளுக்கு வரலாமா? என்ட ஈரல் நல்லமாம், என்ட மூச்சுத்தான் கூடாதாமே."

"ராத்தா..."

"உன்ட மாமி நல்லாத்தான் பாத்திரிக்கா மருமகன. நூல் அறுகாமப் பாத்திரிக்காங்க." பிறகு கட்டிலடிக்கு வந்து என் காலைப் பிடித்துப் பார்த்தார். நடுக்கம் அப்போதும் இருந்தது. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"ஈரல் போயிரும் எண்டா கேக்குறாய்?"

"போகலாம்."

"அத உனக்குத் தந்தது பெட்டகத்துல வைக்கயா? நீ உசிரோட இரிக்கத்தானே. குறைக்கச் செல்லுடா." என் காலைப் போர்வையால் மூடிவிட்டு, "போனா என்னட்ட இன்னொரு துண்டு கேக்காத. அவ்வளவுதான்" என்றார்.

மாத்திரையைக் குறைத்தார்கள். என் கண் ஒருமுறை மஞ்சளானது. மனைவி கண்ணாடியை எனக்குத் தராமல் ஒளித்துவைத்தாள், அதனால்தான் எனக்குத் தெரிந்தது. மஞ்சள் பிறகு வடிந்தது. படத்தில் இருந்த வெள்ளைகள் சுருங்கின, முழுதாகப் போகவில்லை. ஒன்றின் தழும்பு இன்றும் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது அது தன்னை நினைவூட்டும்.

ஊருக்குத் திரும்பியபோது தறிகள் வேறொரு வளவுக்குப் போயிருந்தன. மாமி வீட்டின் கிழக்கு அறை சுண்ணாம்பு அடித்துக் காய்ந்து கிடந்தது. மச்சானின் வேலை என்றாள் மனைவி. சாக்குகளை அவர் எரிக்கவில்லை, புகை வரும் என்று பயந்து கடற்கரை மணலில் தோண்டிப் புதைத்தாராம். அவர் மட்டும் என் முன்னால் வரவில்லை. நான் முற்றத்துக்கு வந்தால் அவர் பின்வேலிக் கடப்பு வழியாகப் போய்விடுவார். மாமி சாய்ந்தமருதுக்குப் போய் ராத்தாவின் கையைப் பிடித்துக் கதைத்துவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். நேரே கதைத்தாரா, கதவுக்குப் பின்னால் நின்று கதைத்தாரா தெரியாது.

இனி ஆட்களோடு பழகலாம், இருமுகிறவர்களை மட்டும் விலக்குங்கள் என்று டாக்டர் ஒரு கட்டத்தில் சொன்னார். நான் வீட்டில் சொன்னேன். வந்தவர்களிடமும் சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஊர் விலகி நிற்கப் பழகிவிட்டது. சலாம் சொல்லி நீட்டிய கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். தேத்தண்ணிக் கடையில் நான் உட்கார்ந்த வாங்குப் பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. அத்தனையும் அன்பு. ஒருவரையும் குறை சொல்ல முடியாது, அதனால் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நீண்ட காலத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள் என்றதால் கடைசி வரிசை. குத்பாப் பிரசங்கம் முடிந்து எல்லாரும் தொழ எழும்பினார்கள். என் இடப்பக்கத்தில் இருந்தவர் என்னைக் கண்டு ஓரமாக ஒதுங்கினார். வலப்பக்கத்தில் பிந்தி வந்து நின்றது மச்சான். நான் அங்கே நிற்பதை அவர் எதிர்பார்க்கவில்லை. வெளியே போக இனி நேரமில்லை. ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சஃப்ப நேராக்குங்க, இடைவெளிய நிரப்புங்க" என்றார் இமாம். வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்கவேண்டும்.

யாரும் அசையவில்லை. நான் ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்தேன். மச்சானும் ஓர் அடி வலப்பக்கம் நகர்ந்தார். நான் இன்னும் நகர்ந்தேன். அவரும். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அப்படியே போய்ச் சுவர் வந்துவிட்டது. அதற்குமேல் அவருக்குப் போக இடமில்லை. என் தோள் அவர் தோளில் பட்டது.

அவருடைய நெஞ்சு ஏறி இறங்கவில்லை. என்மேல் பட்டுவிடக்கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு தடித்திருந்தது. இமாம் இன்னும் தொழுகையைத் தொடங்கும் தக்பீர் சொல்லவில்லை.

"மூச்ச விடுங்க மச்சான்" என்றேன்.

விட்டார்.